சுழற்சியும் சுற்றும்: கோள்களின் ஒழுங்கு பற்றிய பாடநூற் கூற்று – ஒரு திறனாய்வு

‘கோள்கள் யாவும் ஏறத்தாழ ஒரே தளத்தில், ஒரே திசையிற் சூரியனைச் சுற்றுகின்றன. சூரியனும் அத்திசையிலேயே தன் அச்சிற் சுழல்கின்றது. ஆகவே சூரியனும் கோள்களும் சுழன்றுகொண்டிருந்த ஒரே வாயு முகிலிலிருந்து தோன்றின.’ தமிழில் வானியலின் தொடக்க நிலையைக் கற்றோர் அனைவரும் இக்கூற்றினை ஏதேனுமொரு வடிவிற் படித்திருப்பர். பாடநூல்களிலும், பொது அறிவு நூல்களிலும், சஞ்சிகைக் கட்டுரைகளிலும் இது தலைமுறை தலைமுறையாக எடுத்தாளப்பட்டு வந்துள்ளது. எந்த ஓர் ஆசிரியரின் நூலையும் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. பலருக்கும் பொதுவாகிவிட்ட இக்கூற்றினையே நாம் இங்கு திறனாய்வுக்கு எடுத்துக்கொள்கின்றோம். அது எவ்வாறு சொல்லப்படுகின்றது, எதனைச் சொல்லாமல் விடுகின்றது, அவ்விடுபாட்டினால் இழப்புறுவோர் யாவர் என்பனவே நமது வினாக்கள்.

இவ்வாய்வுக்குத் தூண்டுகோலாயமைந்தது ஒரு சிறு நிகழ்ச்சி. சில ஆண்டுகளுக்கு முன்னர், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நடைபெற்ற மாலை வகுப்பில் மேற்காட்டிய பந்தியை வாசித்து விளக்கிக்கொண்டிருந்தோம். கடைசி வாங்கில் அமர்ந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்து, “சேர், நாங்கள் பார்த்தது ஒரு சூரியனைத்தானே? மற்ற நட்சத்திரங்களுக்கும் இப்படித்தான் என்று எப்படிச் சொல்லலாம்?” என்று கேட்டாள். அன்று எம்மால் விடை கூற இயலவில்லை. பந்தியை மீண்டுமொரு முறை வாசித்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றோம். அவ்வினா மிகச் சரியான வினா என்பதையும், உலகின் பெருந் தொலைநோக்கிகள் அதே வினாவை வானத்தை நோக்கி எழுப்பி எதிர்பாராத விடைகளைப் பெற்றுக்கொண்டிருந்தன என்பதையும் பின்னரே அறிந்தோம்.

1. கூற்றின் வரலாறு

கோட் சுற்றுக்கும் சூரியனின் சுழற்சிக்குமுள்ள உறவு பற்றிய வினா மிகப் பழையது. பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1730களில் ஒரு பரிசுப் போட்டியை அறிவித்தது. கோள்களின் சுற்றுப்பாதைத் தளங்கள் சூரியனின் மத்தியகோட்டுத் தளத்துக்குச் சாய்ந்திருப்பதன் பௌதிகக் காரணம் யாது என்பதே அப்போட்டியின் பொருள். 1734 ஆம் ஆண்டில் யோகான் பேர்னூலியும் அவர் மகன் தானியேல் பேர்னூலியும் அப்பரிசினைப் பகிர்ந்துகொண்டனர். அக்கழகத்தின் வினா ‘ஏன் ஒத்திருக்கின்றன?’ என்பதன்று, ‘ஏன் முற்றாக ஒத்திருக்கவில்லை?’ என்பதாகும். தானியேல் பேர்னூலி இரு பகுதிகளையும் எதிர்கொண்டார். சாய்வுகள் இவ்வளவு சிறியனவாயிருப்பது தற்செயலாகாது என்று முதலில் வாதிட்டார். பின்னர், சூரியனோடு சுழலும் அதன் வளிமண்டலமே கோள்களை மெல்லமெல்ல மத்தியகோட்டுத் தளத்தை நோக்கி இழுத்து வருகின்றது எனக் காரணங் காட்டினார். அக்காரணம் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆயினும், ஒழுங்கு என்பது தொடக்கத்திலேயே அமைந்ததாயிருக்க வேண்டியதில்லை, பின்னர் ஏற்படுத்தப்பட்டதாகவும் இருக்கலாம் என்ற சிந்தனை அதில் உண்டு. அச்சிந்தனை பிற்காலத்தில் வேறு வடிவில் மீண்டும் வருவதைக் காண்போம்.

1755 ஆம் ஆண்டில் இம்மானுவேல் காண்ட்டும், 1796 ஆம் ஆண்டில் லாப்பிளாசும் முகிற் கொள்கையை முன்வைத்தனர். சுழலும் முகில் சுருங்குகையில் கோண உந்தக் காப்பு விதிப்படி வேகமாகச் சுழன்று தட்டையாகின்றது. நடுவிலே சூரியனும், தட்டிலே கோள்களும் உருவாகின்றன. இதன்படி சூரியனின் சுழற்சியும் கோள்களின் சுற்றும் ஒரே மூலத்திலிருந்து வருவன. ஆதலின் அவை ஒத்திருத்தல் இயல்பு. இன்றைய விண்மீன் தோற்றக் கொள்கையின் அடித்தளமும் இதுவே. இளம் விண்மீன்களைச் சூழ்ந்த தட்டுகளைத் தொலைநோக்கிகள் நேரிலேயே படம் பிடித்துள்ளன. ஆகவே முகிற் கொள்கை தவறென்று நாம் கூறவில்லை.

பிழை நேர்ந்த இடம் வேறு. லாப்பிளாசுக்குச் சூரிய குடும்பத்தின் ஒழுங்கு ஒரு சான்று. அதிலிருந்து அவர் கொள்கையைப் பெற்றார். நமது நூல்களில் அது மெல்ல மெல்ல ஒரு விதியாக மாறியது. ‘நமது சூரிய குடும்பத்தில் இவ்வாறு காணப்படுகின்றது’ என்ற வாக்கியம் ‘கோள்கள் இவ்வாறே சுற்றும்’ என்றாகிவிட்டது. ஒன்றே ஒன்றாயிருந்த எடுத்துக்காட்டு, எண்ணிக்கை குறிப்பிடப்படாமையால், எல்லாமாயிற்று. பேர்னூலிகளுக்குப் பரிசு பெற்றுத்தந்த அந்தச் சாய்வும் நமது பந்தியிலிருந்து மறைந்தது. 1863 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கரிங்டன் சூரியப் புள்ளிகளைப் பல ஆண்டுகள் நோக்கித் தாம் கண்ட முடிவுகளை வெளியிட்டார். பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்குச் சூரியனின் மத்தியகோடு ஏறத்தாழ 7¼ பாகை சாய்ந்துள்ளது. கோள்கள் அனைத்தினதும் சராசரித் தளத்தைக் கொண்டு நோக்கின் அச்சாய்வு 6 பாகையளவாகும். இவ்வெண்ணைக் குறிப்பிடும் தமிழ்ப் பந்தியைக் காண்பது அரிது. ‘ஏறத்தாழ’ என்ற ஒரு சொல்லின் அடியில் அது புதைக்கப்பட்டுவிட்டது.

2. சொற்களின் மயக்கம்

இம்மயக்கத்திற் சொல்லாட்சிக்கும் பங்குண்டு. தமிழில் ‘சுழல்’, ‘சுற்று’ என்னும் இரு வினைகளும் தெளிவாக வேறுபட்டவை. பம்பரம் நின்ற இடத்திலே சுழல்கின்றது. செக்குமாடு செக்கினைச் சுற்றுகின்றது. ஆயினும் நூல்களில் ‘பூமி தன்னைத் தானே சுற்றிக்கொண்டு சூரியனையும் சுற்றுகின்றது’ என எழுதும் வழக்கம் வேரூன்றியுள்ளது. ஒரே சொல் இரு இயக்கங்களையுங் குறித்தால், அவ்விரண்டும் ஒத்திருக்கின்றனவா என்ற வினாவே மாணவர் மனத்தில் எழ இடமில்லை. ஒப்பிடுவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும். இரண்டுக்கு இரண்டு பெயர்கள் வேண்டும்.

‘சாய்வு’ என்பதும் இத்தகையதே. பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்துள்ளது என்பது ஒரு சாய்வு. பருவங்களுக்கு அதுவே காரணம். ஒரு கோளின் பாதை பூமியின் பாதைக்குச் சாய்ந்திருப்பது இரண்டாவது சாய்வு. விண்மீனின் சுழல் அச்சுக்கும் கோளின் சுற்றுப்பாதை அச்சுக்கும் இடைப்பட்ட கோணம் மூன்றாவது. இம்மூன்றாவதற்கு நம்மிடம் நிலைபெற்ற பெயரில்லை. இக்கட்டுரையில் அதனைச் ‘சுழற்சி–சுற்று விலகல்’ என்போம். விலகல் 0 பாகையாயின் முழு ஒத்திசைவு. 90 பாகையாயின் கோள் விண்மீனின் துருவங்களுக்கு மேலாகச் செல்லும். 90 இற்கு மேற்படின் விண்மீன் சுழலுந் திசைக்கு எதிராகக் கோள் சுற்றும்.

‘பின்னோக்கிய இயக்கம்’ என்பதில் மயக்கம் மேலும் மிகுகின்றது. பஞ்சாங்கம் கூறும் வக்கிர கதி, ஓடும் பூமியிலிருந்து நோக்குவதால் உண்டாகும் தோற்றம் மாத்திரமே. செவ்வாய் உண்மையில் ஒருபோதும் திரும்பி நடப்பதில்லை. வெள்ளி எதிர்த்திசையில் சுழல்வது உண்மையான இயக்கம். ஆனால் அது வெள்ளியின் சுழற்சி பற்றியதேயன்றி அதன் சுற்று பற்றியதன்று. ஒரு கோள் தன் விண்மீனின் சுழற்சிக்கு எதிராகச் சுற்றுவது மூன்றாவது வகை. இம்மூன்றையும் ஒரே தொடராற் குறித்தல் கூடாது.

ஊவாத் தோட்டங்களின் தேயிலைத் தொழிற்சாலைகளிற் கொழுந்தை உருட்டும் ரோலரைக் கண்டோர் இம்மூன்றாவது வகையை எளிதில் விளங்கிக்கொள்வர். ஒருவகை ரோலரில் கீழ்மேடை அசையாதிருக்க, கொழுந்து நிரப்பிய மேற்கூடு மாத்திரம் வட்டமிடும். மற்றொரு வகையில் கூடும் மேடையும் ஒன்றுக்கொன்று எதிராக வட்டமிடும். மேடையை நோக்காது கூட்டினை மட்டும் நோக்குபவரால், ‘இது எதிர்த்திசையிற் செல்கின்றது’ என்று கூறவியலாது. எதிர்த்திசை என்பது தனியொரு பொருளின் பண்பன்று. இரு இயக்கங்களுக்கிடையிலான உறவு. இயந்திரத்தின் அருகே நின்று வளர்ந்த பிள்ளைக்கு இதனை விளக்கப் படங்கூடத் தேவைப்படாது.

3. விலகலை அளக்கும் வழி

தொலைவிலுள்ள விண்மீன் எத்துணைப் பெரிய தொலைநோக்கியிலும் பெரும்பாலும் ஒரு புள்ளியாகவே தெரியும். அப்புள்ளி எப்பக்கமாகச் சுழல்கின்றது, அதன் கோள் எப்பக்கமாகச் செல்கின்றது என்பதை எங்ஙனம் அறிவது? இதற்கான வழி 1924 ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொசிற்றர், மக்லாஃப்லின் ஆகிய இருவரும், ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன்களை ஆராய்ந்து அதனை நிலைநாட்டினர். பதுளைக்குப் புகையிரதப் பாதை வந்துசேர்ந்ததும் அதே 1924 ஆம் ஆண்டிலாகும். அப்பாதையையே நமது விளக்கத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

தெமோதரையில் பாதை குன்றைச் சுற்றி வளைந்து, தான் கடந்துவந்த நிலையத்தின் கீழாகவே சுரங்கத்தினூடு செல்கின்றது. அவ்வளைவில் வண்டி ஊதிக்கொண்டு நம்மை அணுகுகையில் ஊதல் உச்சமாகவும், விலகுகையிற் சற்றுத் தாழ்ந்தும் ஒலிக்கும். ஒளிக்கும் இது பொருந்தும். சுழலும் விண்மீனின் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வருகின்றது. அவ்விளிம்பின் ஒளி நீலப் பக்கமாகப் பெயர்கின்றது. மறுவிளிம்பு விலகிச் செல்கின்றது; அதன் ஒளி சிவப்புப் பக்கமாகப் பெயர்கின்றது. மொத்த ஒளியில் இரண்டும் சமனாகிவிடும்.

இனி, ஒரு கோள் அவ்விண்மீனின் முகத்தைக் குறுக்காகக் கடக்கின்றதெனக் கொள்வோம். 2004 ஆம் ஆண்டிலும் 2012 ஆம் ஆண்டிலும் வெள்ளி சூரியனைக் கடந்ததை இலங்கையில் கண்டோர் பலர். அதே நிகழ்வுதான் இது. கோள் முதலில் அணுகும் விளிம்பை மறைத்தால் நீலப் பெயர்ச்சி குறைந்து, விண்மீன் முழுவதும் சிறிது விலகிச் செல்வது போலத் தோன்றும். பின்னர் மறுவிளிம்பை மறைக்கையில் அது அணுகுவது போலத் தோன்றும். இவ்வரிசையிற் காணப்படின், கோளின் திசையும் விண்மீனின் சுழற்சியும் ஒன்றே. வரிசை தலைகீழாயின் கோள் எதிர்த்திசையிற் செல்கின்றது. பாதை சரிந்திருப்பின் இரு பகுதிகளும் சமனின்றி அமையும். றொசிற்றர்–மக்லாஃப்லின் விளைவு எனப்படுவது இதுவேயாகும்.

இம்முறையின் எல்லையையுங் கூறவேண்டும். நமக்குக் கிடைப்பது வானத்தின் மீது விழும் விலகலின் நிழல் மாத்திரமே. விண்மீனின் அச்சு நம்மை நோக்கிச் சாய்ந்துள்ளதா, அப்பாற் சாய்ந்துள்ளதா என்பதை இது தனியாகக் காட்டாது. அதற்கு விண்மீனின் அதிர்வுகளையோ அதன் முகத்திலுள்ள புள்ளிகளையோ கொண்டு வேறு வழிகளில் ஆராயவேண்டும்.

4. 2008 இற்குப் பின்னர்

சூரியனைப் போன்ற பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்கள் 1995 ஆம் ஆண்டு முதற் கண்டறியப்பட்டு வருகின்றன. தன் விண்மீனின் முகத்தைக் கடப்பதாக 1999 ஆம் ஆண்டில் முதன்முதற் காணப்பட்டது எச்.டி. 209458 என்னும் விண்மீனின் கோளாகும். அடுத்த ஆண்டில் கெலோ குழுவினர் அதில் மேற்கூறிய விளைவினை அளந்தனர். சுழற்சியும் சுற்றும் ஒத்திருந்தன. தொடர்ந்து ஆராயப்பட்ட சில கோள்களும் அவ்வாறேயிருந்தன. பாடநூற் பந்தி வெற்றி பெற்றுவிட்டது போலத் தோன்றிய காலம் அது.

2008 ஆம் ஆண்டில் எக்ஸ்.ஓ.-3 என்னும் விண்மீனின் கோள் முதன்முதலாகத் தெளிவான விலகலைக் காட்டியது. 2009 ஆம் ஆண்டில் ஹாட்-பி-7, வாஸ்ப்-17 ஆகியவற்றின் கோள்கள் எதிர்த்திசையிற் சுற்றுவதற்கான சான்றுகள் வெளியாயின. 2010 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஐரோப்பிய ஆய்வுக் குழுவொன்று தான் தொகுத்த முடிவினை அறிவித்தது. அதுவரை ஆராயப்பட்ட 27 ‘வெப்ப வியாழன்’களில் பாதிக்கு மேற்பட்டவை விலகலுடையவை; ஆறு எதிர்த்திசையிற் சுற்றுபவை. வியாழனையொத்த பருமனுடையதாய், விண்மீனுக்கு மிக அண்மையிற் சில நாள்களுக்குள் ஒரு சுற்றினை முடிக்கும் கோளே வெப்ப வியாழன் எனப்படும்.

அதே ஆண்டில் அமெரிக்காவின் வின் குழுவினர் இவ்விலகல்களில் ஓர் ஒழுங்கினைக் கண்டனர். மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 6,250 கெல்வினுக்கு மேற்பட்ட விண்மீன்களின் வெப்ப வியாழன்களே பெரும்பாலும் விலகியிருந்தன. அதனினும் குளிர்ந்த விண்மீன்களில் ஒத்திசைவே மிகுதி. குளிர்ந்த விண்மீன்களின் மேற்பகுதியில் கொதிக்கும் நீர் போல மேலுங் கீழும் புரளும் தடித்த வாயுப்படை உண்டு; வெப்பமான விண்மீன்களில் அது மிக மெல்லியது. அண்மையிலுள்ள பெருங்கோள் எழுப்பும் வற்றுப்பெருக்கு விசை, தடித்த படையுள்ள விண்மீனை எளிதிற் பிடித்துத் தன் பாதைக்கு இணங்கத் திருப்பிவிடும் என்பது அவர்தம் விளக்கம். விளக்கத்தின் நுணுக்கங்கள் இன்றும் விவாதத்துக்குரியன. ஆனால் அதன் தருக்கம் குறிப்பிடத்தக்கது. இன்று ஒத்திசைவுடன் காணப்படும் சில குடும்பங்கள் பிறப்பிலேயே அவ்வாறு அமைந்தனவல்ல, பின்னர் ஒத்திசைக்கப்பட்டவை. தானியேல் பேர்னூலியின் காரணம் மறைந்துவிட்டது. அவரது சிந்தனையின் அமைப்பு மீண்டுள்ளது.

கோள் எவ்வாறு விலகிற்று என்பதற்கும் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் கூறப்படுகின்றன. தொலைவிலுள்ள துணை விண்மீனொன்று கோளின் பாதையை நெடுங்காலம் அசைத்து நீள்வட்டமாக்கிச் சாய்த்துவிடலாம். சோவியத் விஞ்ஞானி லிடோவ் 1961 ஆம் ஆண்டிலும், யப்பானிய விஞ்ஞானி கொசாய் 1962 ஆம் ஆண்டிலும் இவ்வகை இயக்கத்தை வெவ்வேறு துறைகளில் ஆராய்ந்தனர். கோள்கள் ஒன்றையொன்று தள்ளிச் சிதறியிருக்கலாம். அல்லது கோள்கள் பிறப்பதற்கு முன்னரே தட்டு முழுவதும் சாய்ந்திருக்கலாம். இறுதியாகக் கூறியதற்கு கே2-290 என்னும் குடும்பம் சிறந்த எடுத்துக்காட்டாகும். 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, அதன் இரு கோள்களும் தம்முள் ஒரே தளத்திற் சுற்றுகின்றன. ஆயினும் விண்மீனின் சுழற்சிக்கு ஏறத்தாழ 124 பாகை விலகியுள்ளன. கோள்களுக்கிடையே முழு ஒற்றுமை, விண்மீனோடு முரண். ‘ஒரே தளம்’ என்பதும் ‘சூரியனோடு ஒரே திசை’ என்பதும் வெவ்வேறு செய்திகள் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. நமது பந்தி அவ்விரண்டையும் ஒரே மூச்சிற் கூறிவிடுகின்றது.

5. மறுபக்கம்

திறனாய்வாளன் ஒரு மிகைக் கூற்றினை அகற்றி அவ்விடத்தில் மற்றொரு மிகைக் கூற்றினை வைத்தலாகாது. ‘பழைய கொள்கை வீழ்ந்தது, வானத்தில் ஒழுங்கே இல்லை’ என்று எழுதுவதும் பிழையே. வெப்ப வியாழன்கள் அரியவை. நூறு விண்மீன்களில் ஏறத்தாழ ஒன்றிலேயே அவை காணப்படுகின்றன. அவை பெரியனவாயும் அண்மையிலும் இருப்பதால் எளிதில் அளக்கப்படுகின்றன. ஆதலின் பட்டியலில் மிகுதியாக இடம்பெற்றன. பல கோள்களைக் கொண்ட குடும்பங்களில் ஆராயப்பட்டவை பெரும்பாலும் ஒத்திசைவையே காட்டுகின்றன. மூன்று கோள்களையுடைய கெப்ளர்-30 அத்தகையது. அதன் விண்மீனின் முகத்திலுள்ள புள்ளிகளைக் கோள்கள் மீண்டும் மீண்டும் கடந்ததைக் கொண்டு 2012 ஆம் ஆண்டில் இது நிறுவப்பட்டது. பூமியையொத்த பருமனுள்ள ஏழு கோள்களையுடைய ட்ரப்பிஸ்ட்-1 குடும்பமும் ஒத்திசைவினதே. இதற்கு மாறாக, கெப்ளர்-56 இன் இரு கோள்களும் ஒரே தளத்திலிருந்தும் விண்மீனின் அச்சு பெரிதும் சாய்ந்திருப்பதை 2013 ஆம் ஆண்டில் அதன் அதிர்வுகள் காட்டின.

ஆகவே பெறப்படும் முடிவு இதுவாகும். சுழலும் முகிலிலிருந்து தோன்றுதல் ஒத்திசைவுக்குத் தொடக்க வாய்ப்பினைத் தருகின்றது. அதன்பின் நிகழ்வனவே இறுதி நிலையைத் தீர்மானிக்கின்றன. ஒத்திசைவு ஒரு விதியன்று, ஒரு வரலாறு. நமது சூரியனின் 6 பாகை விலகலும் அவ்வரலாற்றின் ஒரு தடயமே. அதற்கு ஏற்ற காரணம் எதுவென்பது இன்னும் ஆய்விலுள்ளது.

6. ‘சாமய’வும் ‘சமகிய’வும்

இவ்விடத்தில் இலங்கையரனைவருக்கும் நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டினைக் கூறுதல் பொருத்தமாகும். சர்வதேச வானியல் ஒன்றியம் தனது நூற்றாண்டினையொட்டி 2019 ஆம் ஆண்டில் நாடுதோறும் ஒரு விண்மீனுக்கும் அதன் கோளுக்கும் பெயரிடும் வாய்ப்பினை வழங்கியது. இலங்கைக்குக் கிடைத்தது எச்.டி. 205739 என்னும் விண்மீன். விண்மீனுக்குச் ‘சாமய’ எனவும், கோளுக்குச் ‘சமகிய’ எனவும் சிங்களப் பெயர்கள் சூட்டப்பட்டன. முன்னையது சமாதானம், பின்னையது ஒற்றுமை. தென்மீன் மண்டலத்திலுள்ள அவ்விண்மீன் வெறுங் கண்ணுக்குத் தெரியாது. எனினும் தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கப்பால் மழையைக் கொட்டிவிட்டு வறண்டு ஊவாவில் இறங்கும் ஆவணி மாதத்தில், நள்ளிரவை அண்டிப் பதுளையின் தென்வானில் அது உயர்ந்து நிற்கும் திசையைச் சுட்டிக்காட்டலாம்.

‘சமகிய’ 2008 ஆம் ஆண்டிலே கண்டறியப்பட்டது. அது ஏறத்தாழ 280 நாள்களில் தன் விண்மீனைச் சுற்றுகின்றது. பாதை ஓரளவு நீள்வட்டமானது. கோள் இழுக்கும்போது விண்மீன் முன்னும் பின்னும் அசைவதைக் கொண்டு அது உணரப்பட்டது. அம்முறை கோள் உண்டென்பதையும், அதன் காலத்தையும், நிறையின் கீழெல்லையையும் கூறும். விண்மீனின் சுழற்சியோடு கோளின் சுற்று ஒத்திசைகின்றதா என்பதைக் கூறும் ஆற்றல் அம்முறைக்கு இல்லை. பெயர் ஒற்றுமை, அவ்வொற்றுமை உண்மையில் உண்டா என்பது பெயரினாற் பெறப்படுவதன்று. அளந்தே அறியவேண்டியது. மாணவருக்கு இதனினும் நல்ல பாடம் கிடைத்தல் அரிது.

7. ஊவாவில் இதன் பொருள்

ஒரு பந்தியின் குறைக்காக இத்தனை பக்கங்கள் தேவையா என வினவலாம். தேவை என்பதே நமது கருத்து. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கற்கும் மாணவருக்குப் பாடநூல் பல வழிகளுள் ஒன்று. நூலகமும் ஆங்கில நூலும் வேறு ஆசிரியர்களும் அந்நூலின் குறையை நிரப்புவர். ஊவாத் தோட்டங்களின் நிலை வேறு. அங்குள்ள பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிருவாகங்களின் கையிலிருந்து, 1970களிலிருந்தே படிப்படியாக அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தமிழ்மொழிப் பாடசாலைகள் இம்மாகாணத்தில் இன்றும் மிகச் சிலவே. லயத்து அறையில் விளக்கின் கீழிருந்து படிக்கும் பிள்ளைக்குத் தமிழ்ப் பாடநூலே விஞ்ஞானம் முழுவதுமாகும். அந்நூல் வினாவை மறைத்தால், அப்பிள்ளைக்கு வினாவே இல்லாமற் போகின்றது.

தோட்டத்துக் கோயிலின் நவக்கிரக பீடத்தில் ஞாயிறு நடுவிலிருக்க, ஏனைய கிரகங்கள் ஒன்றையொன்று நோக்காதவாறு பல திசை நோக்கி நிற்கும். அது வழிபாட்டு மரபின் அமைப்பு. அதற்குரிய பொருளும் இடமும் அதற்குண்டு. வகுப்பறையிற் கரும்பலகையில் வரையப்படும் படமோ சான்றினால் நிற்கவேண்டியது. சான்று கூறாது, எண்ணிக்கை கூறாது, ‘இவ்வாறே அமைந்துள்ளது, மனனஞ் செய்க’ என்று கற்பிப்பின் அது விஞ்ஞானம் என்ற பெயர் தாங்கிய மற்றொரு பீடமாகிவிடும்.

மற்றுமொன்று. ‘இவ்வொழுங்கு இயல்பானது, தொடக்கமுதல் இப்படியே உள்ளது’ என்ற வாக்கியத்தை மலையக மக்கள் வானியலில் மட்டும் கேட்டவர்களல்லர். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, எஞ்சியோர் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமே குடியுரிமை பெற்ற ஒரு சமுதாயத்தின் பிள்ளைகளுக்கு, காணப்படும் ஒழுங்கு பிறப்பால் வந்ததா, பின்னர் விசையால் ஏற்படுத்தப்பட்டதா என்று கேட்கும் பழக்கம் மிகத் தேவையானது. வானியலிலிருந்து சமுதாயத்துக்கு விதிகளை இறக்குமதி செய்ய நாம் முற்படவில்லை. கேட்கும் பழக்கம் ஒன்றே என்பதையே கூறுகின்றோம்.

குறை கூறியபின் மாற்றினையும் முன்வைத்தல் திறனாய்வின் கடமை. இக்கட்டுரையின் தொடக்கத்திற் காட்டிய பந்தியைப் பின்வருமாறு எழுதலாமெனக் கருதுகின்றோம்:

‘நமது சூரிய குடும்பத்தின் எட்டுக் கோள்களும் ஏறத்தாழ ஒரே தளத்தில், சூரியன் சுழலுந் திசையிலேயே அதனைச் சுற்றுகின்றன. ஆயினும் சூரியனின் மத்தியகோடு அத்தளத்துக்கு 6 பாகையளவு சாய்ந்துள்ளது. சுழலும் முகிலொன்றிலிருந்து இவை தோன்றின என்பதற்கு இவ்வொழுங்கு ஒரு சான்றாகும். வேறு சில விண்மீன்களின் கோள்கள் சாய்ந்த பாதைகளிலும் எதிர்த்திசையிலும் சுற்றுவது 2008 ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளது. தோற்றத்தின்பின் நிகழ்ந்த மாற்றங்கள் இதற்குக் காரணமாகலாம். நமது குடும்பத்திற் சாய்வு சிறியதாயிருப்பது ஏன்?’

பழைய பந்தி முற்றுப்புள்ளியில் முடிந்தது. இது வினாக்குறியில் முடிகின்றது. நீளத்தில் சில வரிகளே மிகுதி. பரீட்சையிற் புள்ளி வழங்குவது சற்றுக் கடினமாகலாம். ஆனால் கடைசி வாங்கிலிருந்து எழும் மாணவிக்கு, ‘நீ கேட்டது சரி, அதனையே உலகமும் கேட்டுக்கொண்டிருக்கின்றது’ என்று கூற ஆசிரியருக்கு இடமுண்டாகும். அன்று எம்மாற் கூறவியலாதது அதுவே.